ஷெல்லியின் ‘ஆஸிமாண்டியாஸ்’ எந்த வகை சானெட்?

ஆங்கிலக் கவி பெர்ஸி பிஷ் ஷெல்லியின் ‘ஆஸிமாண்டியாஸ்’ கவிதையைப் பாடமாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். சானெட் என்பது பதினான்கு அடி கொண்ட கவிதை வடிவம்; இது பெட்ரார்க் வகை சானெட்டா, ஷேக்ஸ்பியர் வகை சானெட்டா என்பது முதல் கேள்வி. எல்லா அடிகளும் அயாம்பிக் பென்டாமீட்டர் என்று உரைநூல்கள் சொல்கின்றன, ஆனால் வாய்விட்டுப் படித்தால் பல இடங்களில் ஓசை இடறுகிறதே, ஏன் என்பது இரண்டாவது. ‘ஸ்டோன்’, ‘ஃப்ரௌன்’ என்று முடியும் அடிகளை இயைபு என்று எப்படி ஏற்பது என்பது மூன்றாவது. மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தனித்தனியாகப் பிரிக்காமலே பதில் எழுதுகிறேன்.

முதலில் கவிதை சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழம்பெரும் நாடொன்றிலிருந்து வந்த பயணி ஒருவனைச் சந்தித்தேன் என்று கவிதை தொடங்குகிறது. உடலில்லாத இரண்டு பெரிய கல்கால்கள் பாலையில் நிற்பதையும், அருகே மணலில் பாதி புதைந்து உடைந்த முகம் ஒன்று கிடப்பதையும் அவன் சொல்கிறான். அந்த முகத்தின் சுளிப்பும் ஆணவமும், சிற்பி அரசனின் உள்ளத்தை எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறான் என்பதைக் காட்டுகின்றன. பீடத்தில் ஒரு வாசகம்: என் பெயர் ஆஸிமாண்டியாஸ், மன்னர்க்கு மன்னன்; வலியோரே, என் செயல்களைப் பார்த்து நம்பிக்கை இழந்துபோங்கள். அதைச் சுற்றி வேறு எதுவும் எஞ்சவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல்தான்.

ஆஸிமாண்டியாஸ் என்பது எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேஸுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் டியோடோரஸ் ஒரு சிலையின் வாசகத்தைக் குறித்து வைத்திருக்கிறார். என் பெருமையை அறிய விரும்புகிறவன் என் செயல்களில் ஒன்றையாவது விஞ்சிக் காட்டட்டும் என்பது அதன் சாரம். ஷெல்லி அந்த அறைகூவலைத்தான் ‘நம்பிக்கை இழந்துபோங்கள்’ என்ற கட்டளையாக மாற்றினார். இந்தக் கவிதை லீ ஹன்ட் நடத்திய ‘தி எக்ஸாமினர்’ வார இதழில் 1818 ஜனவரி 11 அன்று, கிளிராஸ்டீஸ் என்ற புனைபெயரில் வெளிவந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கென்று கொண்டுவரப்பட்ட ராம்சேஸின் பெரிய சிலைத்தலை லண்டனை அடைந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே அந்தச் சிலையைக் கண்டு ஷெல்லி இதை எழுதினார் என்று வகுப்புகளில் சொல்லப்படும் கதையை ஒதுக்கிவிடலாம்.

இனி ஓசைக்கு வருவோம். நம் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் அளவை வைத்து அசை பிரிக்கிறது. ஆங்கில யாப்பு அழுத்தத்தை வைத்துச் சீர் பிரிக்கிறது. நம் நிரையசையில் இரண்டு குறில்கள் சேர்ந்து ஓரசையாவது போன்ற ஏற்பாடு அங்கே கிடையாது. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலித்துண்டு ஒவ்வொன்றும் ஓரசை. மெலிந்த ஓரசையும் அழுத்தமான ஓரசையும் சேர்ந்து ‘த-தாம்’ என ஒலித்தால் அது அயாம்ப் என்னும் சீர். அப்படி ஐந்து சீர் கொண்ட அடி பென்டாமீட்டர். சீர்க்கணக்கை மட்டும் பார்த்தால் நம் நெடிலடி. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வெண்பாவில் தளை தட்டினால் அது பிழை. ஆங்கிலத்தில் ஐந்து சீரில் ஒன்றோ இரண்டோ தலைகீழாகத் திரும்பி ‘தாம்-த’ என்று (டிரோக்கி என்னும் சீராக) வருவது பிழையாகக் கருதப்படுவதில்லை. தேர்ந்த கவி அந்தத் திருப்பத்தை எங்கே வைக்கிறார் என்பதில்தான் அவருடைய கைவண்ணம் தெரியும். கேள்வி கேட்டவர் இடறல் என்று உணர்ந்த இடங்கள் பெரும்பாலும் இவைதாம்.

முதலடியிலேயே இரண்டு சிறு சிக்கல்கள் இருக்கின்றன. ‘டிராவெலர்’ என்று மூன்றசையாகப் படித்தால் அடி பதினோரசை ஆகிவிடும். ‘டிராவ்லர்’ என்று இரண்டசையாகச் சுருக்கிப் படிக்க வேண்டும். அடுத்து, ‘ஆன்டிக்’ என்ற சொல்லுக்கு இன்று இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுக்கிறோம். ஷேக்ஸ்பியர் போன்ற பழைய கவிகளிடம் முதல் அசையில் அழுத்தம் விழுவதும் உண்டு. ஷெல்லியின் அடியும் அதையே கேட்கிறது. ஐ மெட் / எ டிராவ் / லர் ஃப்ரம் / அன் ஆன் / டிக் லேண்ட் என்று பிரித்தால் ஐந்து அயாம்பும் ஒழுங்காக விழும். பத்தாம் அடியில் அரசனின் பெயரையும் இவ்வாறே ஆ-ஸி-மாண்-டியஸ் என்று நான்கசையாக ஒலிக்க வேண்டும். ஐந்தசையாக நீட்டினால் ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ என்னும் முடிவு சந்தத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது முதற்சீர் தலைகீழாகும் அடிகளைப் பாருங்கள். மூன்றாம் அடி ‘ஸ்டாண்ட்’ என்று தொடங்குகிறது: ஸ்டாண்ட் இன் / த டெ / ஸர்ட் நியர் / தெம் ஆன் / த ஸாண்ட். ஆறாம் அடி ‘டெல்’ என்றும், பதினோராம் அடி ‘லுக்’ என்றும், பன்னிரண்டாம் அடி ‘நத்திங்’ என்றும் தொடங்குகின்றன. இந்த நான்கு அடிகளிலும் முதல் அசையிலேயே அழுத்தம் விழுகிறது. அவற்றில் முதல் மூன்று வினைச்சொற்கள்: கால்கள் நிற்கின்றன, முகபாவம் சொல்கிறது, அரசன் பார் என்று ஆணையிடுகிறான். நான்காவது முறையும் அதே ஓசை அதே இடத்தில் வருகிறது. ஆனால் அங்கே வினைக்குப் பதிலாக ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. ‘லுக் ஆன்’ என்று அரசன் காட்டும் திசையில் அடுத்த அடியே ‘நத்திங்’ என்று தொடங்குகிறது. இந்தக் கவிதையின் நையாண்டிக்குச் சொற்பொருள் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்த ஓசையொற்றுமையும் என்பேன். ‘கவி இங்கே டிரோக்கியைப் பயன்படுத்தி வலியுறுத்துகிறார்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகரும் உரைகள் இதைத் தவறவிடுகின்றன.

ஏழாம் அடியில் திருப்பம் நடுவில் வருகிறது: விச் யெட் / ஸர்வைவ் / ஸ்டாம்ப்ட் ஆன் / தீஸ் லைஃப் / லெஸ் திங்ஸ். இரண்டு சீர் ஒழுங்காக நடந்து, ஒரு கால்புள்ளியில் நின்று, பிறகு ‘ஸ்டாம்ப்ட்’ என்ற சொல் முத்திரை குத்துவது போலவே விழுகிறது. உயிரற்ற கல்லின்மேல் உணர்ச்சிகள் பதிக்கப்பட்டிருப்பதைச் சொல்லும் சொல் அது. இந்த இடத்தில் வாக்கிய அமைப்பும் பலரைக் குழப்பும். ‘ஸர்வைவ்’ என்ற வினைக்குச் செயப்படுபொருள் அடுத்த அடியில் வரும் ‘கை’யும் ‘இதயமு’ம். அரசனின் உணர்ச்சிகள், அவற்றைக் கல்லில் வடித்த சிற்பியின் கையையும் அவற்றை ஊட்டி வளர்த்த அரசனின் இதயத்தையும் தாண்டி உயிர் வாழ்கின்றன என்பது பொருள்.

கடைசி மூன்று அடிகளில் ஷெல்லி இன்னும் நுட்பமாக ஒன்று செய்கிறார். மூன்றிலும் நான்காம் சீர்தான் பிறழ்கிறது. பன்னிரண்டாம் அடியில் நான்காம் சீர் ‘ரவுண்ட் த’. பதின்மூன்றில் அது ‘பவுண்ட்லெஸ்’. இரண்டும் தலைகீழ்ச் சீர்கள், இரண்டின் அழுத்தத்திலும் ஒரே உயிரொலி. பதினான்காம் அடியின் நான்காம் சீரோ ‘ஸ்ட்ரெச் ஃபார்’ என்று இரண்டு அசையிலும் அழுத்தம் பெற்று ‘தாம்-தாம்’ என்று கனக்கிறது. அதற்கு முன் உள்ள ‘ஸாண்ட்ஸ்’ என்பதும் அழுத்தமான அசை. மூன்று அழுத்தங்கள் அடுத்தடுத்து வருவதால் வாய் விரைந்து போக முடியாது. மணல் விரிந்துகொண்டே போவதைச் சொல்லும் இடத்தில் அடியும் நீள்கிறது. பத்து அசைதான் என்பதை எண்ணிப் பார்த்தால் ஒழிய நம்ப மாட்டோம். ‘பவுண்ட்லெஸ் – பேர்’, ‘லோன் – லெவல்’, ‘ஸாண்ட்ஸ் – ஸ்ட்ரெச்’ என்று மோனை அடுக்கி வருவதும் இங்கேதான். கவிதையின் வேறெந்தப் பகுதியிலும் மோனை இவ்வளவு நெருக்கமாக இல்லை.

அடுத்தது இயைபு. ஆங்கிலத்தில் அடியின் இறுதி ஒலிகள் ஒத்துவருவது நம் எதுகையைவிட இயைபுத் தொடைக்கு நெருக்கமானது என்பதால் இயைபு என்றே சொல்லி வருகிறேன். பதினான்கு அடிகளின் ஈறுகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று எழுத்து இட்டால், கிடைக்கும் வரிசை இது: அ ஆ அ ஆ அ இ ஈ இ உ ஈ உ ஊ உ ஊ. இதைத் தெரிந்த வகைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பெட்ரார்க் வகையில் முதல் எட்டடி அ ஆ ஆ அ, அ ஆ ஆ அ என்று இரண்டே ஒலிகளில் முடிந்து, அடுத்த ஆறடி புதிய ஒலிகளில் நடக்கும். ஷேக்ஸ்பியர் வகையில் அ ஆ அ ஆ, இ ஈ இ ஈ, உ ஊ உ ஊ என்று மூன்று நாலடிகளும், இறுதியில் ஒரே இயைபில் ஈரடியும் வரும். ஷெல்லியின் வரிசை இரண்டிலும் பொருந்தவில்லை. ஷேக்ஸ்பியர் வகையைப் போலத் தொடங்கி, ஐந்தாம் அடியிலேயே அதை மறுத்துவிடுகிறது.

அரசனின் ஆட்சி சிதைந்தது, ஆகவே சானெட்டின் வடிவமும் சிதைந்திருக்கிறது என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. சிதைந்த வடிவம் என்றால் ஏதேனும் ஓர் ஈறு துணையில்லாமல் தனித்து நிற்க வேண்டும், அல்லது அடி குறைய வேண்டும். இங்கே ஓர் ஈறுகூட அநாதையாக இல்லை. நடப்பது வேறு: ஒவ்வொரு இயைபுக் குழுவும் தன் எல்லையைத் தாண்டி ஓரடியை அடுத்த குழுவுக்குள் விட்டுச்செல்கிறது. ‘லேண்ட் – ஸாண்ட்’ என்ற ஒலி நான்காம் அடியோடு முடிந்திருக்க வேண்டும். ஐந்தாம் அடியில் ‘கமாண்ட்’ என்று மீண்டும் எழுகிறது. ‘திங்ஸ்’ ஏழாம் அடியில் வருகிறது. அதன் துணையான ‘கிங்ஸ்’, எட்டடிப் பகுதி முடிந்து, பீடத்தின் வாசகம் தொடங்கும் பத்தாம் அடிவரை காத்திருக்கிறது. ‘அப்பியர் – டிஸ்பேர்’ என்ற இணை பதினோராம் அடியில் முடிந்துவிட்டதாகத் தோன்றும். பதின்மூன்றாம் அடியில் ‘பேர்’ என்று மூன்றாம் முறையாக வருகிறது. எதைப் பற்றிய கவிதை இது? அழிந்த பின் எது எஞ்சுகிறது என்பதைப் பற்றியது. இயைபின் அமைப்பும் அதையே செய்கிறது: முடிந்துபோன ஒலியில் ஒரு மிச்சம் அடுத்த பகுதியில் கிடக்கிறது.

இந்த மிச்சங்கள் எங்கே விழுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ‘மன்னர்க்கு மன்னன்’ என்று அரசன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அடியின் ஈற்றைக் காது ஏற்கெனவே கேட்ட ‘உயிரற்ற பொருள்கள்’ என்னும் அடியின் ஈற்றோடுதான் இணைக்கிறது. ‘கிங்ஸ்’ என்று முடியும்போது மூன்றடிக்கு முன் விட்டுவந்த ‘திங்ஸ்’ திரும்பக் கேட்கும். அரசன் வாய் திறக்கும் முன்பே இயைபு அவனைப் பொருளாக்கிவிட்டது. இவ்வளவு கடுமையான கேலியை ஷெல்லி ஒரு சொல்லும் கூடுதலாகச் செலவிடாமல் செய்திருக்கிறார்.

‘ஸ்டோன் – ஃப்ரௌன்’ பற்றிய கேள்விக்கும் இதன் வழியாகவே வரலாம். அது முழு இயைபு அன்று. இறுதி மெய் ஒத்து, உயிர் வேறுபடும் அரை இயைபு. ‘அப்பியர் – டிஸ்பேர்’ என்பதும் அத்தகையதே. இப்படிப்பட்ட இணைகளை ஷெல்லிக்கு முந்திய கவிகளும் கூச்சமின்றிக் கையாண்டிருக்கிறார்கள் என்பதால், இவற்றைத் திறமைக்குறைவு என்று எழுத வேண்டாம். (இன்றைய தென்னிங்கிலாந்து உச்சரிப்பில் ‘கமாண்ட்’ நெடிலும் ‘லேண்ட்’ குறிலுமாக ஒலிப்பதால், அந்த மூன்றும்கூட அங்கே முழுமையாக ஒத்துவராது, அமெரிக்கர் படித்தால் ஒத்துவரும்.) ஒவ்வோர் அரை இயைபுக்கும் நுண்பொருள் தேடுவது வீண்வேலை என்பதே என் எண்ணம். ‘ஸ்டோன் – ஃப்ரௌன்’ இணையில் நான் எதையும் தேட மாட்டேன். இரண்டாவதில் மட்டும் தேடுவேன். அரசனின் கட்டளைச் சொல்லான ‘டிஸ்பேர்’ தனக்கு முன்னுள்ள ‘அப்பியர்’ என்பதோடு சரியாகப் பொருந்தாமல் தொங்குகிறது. அதற்கு முழு இயைபு கிடைப்பது ‘பேர்’ என்ற சொல்லில், அதாவது வெறுமையாகக் கிடக்கும் பாலையில். நம்பிக்கை இழ என்ற கட்டளைக்குச் சரியான பதிலைப் பாலை சொல்கிறது, அரசன் நினைத்த பொருளில் அல்லாமல்.

ஆறாம் அடியின் ஈற்றில் உள்ள சொல்லை ‘ரீட்’ என்று படித்துவிடுபவர்கள் உண்டு. எட்டாம் அடி ‘ஃபெட்’ என்று முடிவதால் அது ‘ரெட்’ என்னும் இறந்தகால வடிவம்தான். இயைபு உச்சரிப்பையும் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

சானெட்டில் எதிர்பார்க்கப்படும் ‘வோல்ட்டா’ என்னும் பொருள்திருப்பம் எங்கே என்பதும் வகையைத் தீர்மானிக்கும் கேள்வி. எட்டடியில் சிலையின் வருணனை முடிந்து, ஒன்பதாம் அடியில் பீடத்தின் வாசகத்துக்குப் போகிறோம். இந்த எட்டு–ஆறு பிரிவு பெட்ரார்க் வகையின் சாயல். ஆனால் அந்த ஒன்பதாம் அடி ‘அண்ட்’ என்று, வருணனையின் தொடர்ச்சி போலவே தொடங்குகிறது, திரும்பியதே தெரிவதில்லை. உண்மையான திருப்பம் பன்னிரண்டாம் அடியின் ‘நத்திங் பிசைட் ரிமெயின்ஸ்’ என்ற மூன்று சொற்களில் இருக்கிறது. அந்த வாக்கியம் ஆறாவது அசையில் முற்றுப்புள்ளி வைத்து நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய இரண்டடிகள், அதாவது அரசனின் வாசகம், ஒவ்வொன்றும் அடியின் இறுதியிலேயே பொருள் முடிந்து நிமிர்ந்து நிற்பவை. அவற்றைச் சூழ்ந்த பயணியின் பேச்சோ ‘ஸ்டோன்’ என்பதிலிருந்து ‘ஸ்டாண்ட்’ என்பதற்கும், ‘டிகே’ என்பதிலிருந்து அடுத்த அடிக்கும் கரை உடைத்து வழிகிறது. பேசுபவர் யார் என்பதைக்கூட அடி முடிவதை வைத்தே காது கண்டுகொள்கிறது.

இதே பொருளில் ஷெல்லியின் நண்பர் ஹோரஸ் ஸ்மித் ஒரு சானெட் எழுதினார். இருவரும் நட்புப் போட்டியாக எழுதியவை இவை. ஸ்மித்துடையது அதே இதழில் 1818 பிப்ரவரி 1 அன்று வந்தது. அதில் முதல் எட்டடியும் இரண்டே இயைபுகளில் நடக்கிறது. ஒன்பதாம் அடி ‘நாம் வியக்கிறோம்’ என்று வெளிப்படையாகத் திரும்பி, ஒருநாள் லண்டன் இருந்த இடமும் காடாகும், அங்கே ஓநாயைத் துரத்தி வரும் வேடன் ஒருவன் ஒரு பெருந்துண்டைக் கண்டு, இங்கே யார் வாழ்ந்தார்களோ என்று வியப்பான் என்கிறது. இறுதி ஈரடியும் ஒரே இயைபு. இலக்கணப்படி ஷெல்லியுடையதைவிட ஒழுங்கானது அது. படிப்பினையை ஸ்மித் தம் வாயால் சொல்லிவிடுகிறார், வடிவமும் அதற்கேற்பப் பூட்டிக்கொண்டு முடிகிறது. ஷெல்லியின் கவிதையில் அந்த இறுதி ஈரடி இல்லை. ‘டிகே – பேர் – அவே’ என்று இடையிட்டுப் போகும் இயைபு அடைப்புக்குள் வராமல் நிற்கிறது. லண்டனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒன்றை ஒன்று கவ்விச் செல்லும் இயைபின்மீது ஷெல்லிக்கு இருந்த ஈடுபாடு இந்தக் கவிதையோடு முடியவில்லை. 1819இல் எழுதிய ‘ஓட் டு த வெஸ்ட் விண்ட்’ கவிதையில் ஒவ்வொரு பகுதியும் பதினான்கு அடி கொண்டது. ஆனால் இயைபு இத்தாலியக் கவி தாந்தேயின் டெர்ஸா ரீமா முறையில் அ ஆ அ, ஆ இ ஆ என்று சங்கிலியாக நீண்டு ஈரடியில் முடிகிறது. அங்கே சங்கிலி ஒழுங்கான விதிப்படி நடக்கிறது. ‘ஆஸிமாண்டியாஸ்’ அந்த விதி இல்லாமலே சங்கிலி போட்டுப் பார்த்த முயற்சி என்று கொள்ளலாம்.

ஆகவே தேர்வில் எழுதுவதானால், ‘இரு வகைகளும் கலந்த சானெட்’ என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எட்டு–ஆறு என்ற பொருட்பிரிவு பெட்ரார்க் வகையைச் சார்ந்தது; முதல் நாலடியின் இடையிட்ட இயைபு ஷேக்ஸ்பியர் வகையைச் சார்ந்தது; இறுதி ஈரடி இல்லை; பகுதிகளை இணைக்கும் இயைபுகள் ஷெல்லியின் சொந்த ஏற்பாடு என்று எழுதி, இயைபு வரிசையை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். யாப்பைப் பற்றி எழுதும்போது அயாம்பிக் பென்டாமீட்டர் என்ற பெயரோடு, மூன்று, ஆறு, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய அடிகளின் முதற்சீரையும், கடைசி மூன்றடிகளின் நான்காம் சீரையும் பிரித்துக் காட்டுங்கள். ‘ஒன்பதாம் அடியில் வோல்ட்டா’ என்று உரைநூல் சொன்னால் அதையும் குறிப்பிட்டு, பன்னிரண்டாம் அடியை நீங்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம். காரணம் காட்டினால் மதிப்பெண் குறையாது.